யகுமோ ரயிலில் இசுமோவுக்கு: தனியாகப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

ஜப்பான் ரயில்களைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி தோக்கியோ, கியோத்தோ, ஒசாகா, ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் ஒரு ரயிலைத் தவறவிட்டால் பத்து நிமிடத்தில் அடுத்தது வரும். அதைத் தாண்டிச் சின்ன ஊர்களுக்குத் தனியாகப் போகிறவருக்கு நிலைமை வேறு. அறிவிப்பு ஜப்பானிய மொழியில் மட்டும், கவுண்டரில் ஆள் இல்லை, அடுத்த ரயில் மூன்று மணி நேரம் கழித்து. நடைமேடையில் ஒற்றை ஆளாக நிற்கும்போது வரும் அந்தக் கலக்கத்தை அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. இந்த வழியில் போகும் முன் இதையெல்லாம் யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த தடம் ஒகயாமாவிலிருந்து மலைகளைக் கடந்து ஜப்பான் கடற்கரையோரம் இசுமோ வரை போகும் யகுமோ லிமிடெட் எக்ஸ்பிரஸ், அதாவது சில நிலையங்களில் மட்டும் நிற்கும் வேக ரயில். அதை வைத்தே சொல்கிறேன். விதிகளில் பெரும்பாலானவை மற்ற லிமிடெட் எக்ஸ்பிரஸ்களுக்கும் பொருந்தும்.

முதலில் திட்டமிடும் வரிசை. எல்லோரும் வீட்டிலிருந்து தொடங்கி முன்னோக்கிக் கணக்குப் போடுவார்கள்: காலையில் ஷின்கான்சென், பிறகு லிமிடெட் எக்ஸ்பிரஸ், பிறகு உள்ளூர் ரயில். கிராமப்புற ஜப்பானில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பயணத்தின் கடைசிக் கண்ணியில், மிகக் குறைவாக ஓடும் ரயில் எதுவோ அதன் நேரத்தை முதலில் பிடியுங்கள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஷின்கான்சென் சில நிமிடங்களுக்கு ஒன்று. யகுமோ ஏறத்தாழ மணிக்கு ஒன்று, நாளுக்குச் சுமார் 15. அதன் கிளைப் பாதைகளிலோ நாளைக்கு மூன்றே மூன்று ரயில் என்ற இடங்கள் உண்டு. நீமி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யகுமோ நிற்கும் சந்திப்பு அது. அங்கிருந்து மேற்கே போகும் கெய்பி பாதையில் தோஜோவைத் தாண்டி பிங்கோ-ஒச்சியாய் பக்கம் போக நாளைக்கு மூன்று ரயில்கள்தான். அந்தப் பாதையின் எதிர்காலம் என்ன என்று முடிவுசெய்யவே 2024 மார்ச்சில் அரசு ஒரு மறுசீரமைப்புக் குழுவைக் கூட்டியது. அப்படிப்பட்ட குழு நாட்டிலேயே அதுதான் முதல். இத்தகைய பாதையில் இணைப்பு ரயிலை விட்டால் அன்றைய நாளே போயிற்று. அதனால் நாளைக்கு மூன்று ஓடும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே அந்தச் சந்திப்பில் இறங்கி நிற்கும்படி யகுமோவைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு மணி நேரம் வீண் என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள்.

கால அட்டவணை ஆண்டுதோறும் மார்ச் நடுவில் நாடு முழுவதும் ஒரே நாளில் மாறும். போன வருடம் போனவர் எழுதிய நேரங்களை நம்பக்கூடாது. நேரம் மட்டும் அல்ல, ரயிலின் தன்மையே மாறிவிடும். இதற்கு யகுமோவே சாட்சி. 2024 மார்ச் 16க்கு முன்பு அதில் முன்பதிவில்லாத பெட்டிகள் இருந்தன; கையில் டிக்கெட்டோடு ஓடி ஏறி, காலியான இடத்தில் உட்காரலாம். அந்த நாளிலிருந்து எல்லா இருக்கைகளும் முன்பதிவு. சுருகா வரை போகும் தண்டர்பேர்ட், ஷிராசாகி ஆகியவையும் அதே நாளில் அப்படி ஆகிவிட்டன. ஹொக்காய்தோவில் ஹொக்குதோ, கிழக்கே அசுசா, ஹிதாச்சி என்று பட்டியல் ஆண்டுக்காண்டு நீள்கிறது. அதே 2024 மார்ச்சில் இன்னொன்றும் ஒழிந்தது: ஷின்கான்செனிலிருந்து லிமிடெட் எக்ஸ்பிரஸுக்கு மாறினால் பின்னதன் கூடுதல் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்ற பழைய சலுகை. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அந்தப் பாதி விலையில் பட்ஜெட் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி டிக்கெட். லிமிடெட் எக்ஸ்பிரஸில் போக இரண்டு சீட்டு வேண்டும். ஒன்று ஜோஷாகென், அதாவது தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம். மற்றது தொக்யூகென், அந்த வேக ரயிலில் ஏறுவதற்கான கூடுதல் கட்டணம். இரண்டும் தனித்தனித் தாளாகவும் வரும், சில சமயம் ஒரே தாளில் சேர்ந்தும் வரும். ஒகயாமாவிலிருந்து இசுமோ நகரின் நிலையமான இசுமோஷி வரை 220.7 கிலோமீட்டர், இரண்டும் சேர்த்து ஒரு வழிக்குச் சுமார் 7,000 யென். அடிப்படை டிக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு யகுமோவில் ஏறினால் உள்ளே நடத்துநரிடம் மிச்சத்தைக் கட்ட வேண்டிவரும், இருக்கையும் இருக்காது. மூன்று மணி நேரம் வளைந்து வளைந்து போகும் ரயிலில் கதவோரம் நின்றுகொண்டு போவது உடம்பை வாட்டிவிடும்.

பணம் உண்மையில் கரையும் இடம் வேறு. ஜோஷாகென் நீண்ட தூரத்துக்குப் போகப் போகக் கிலோமீட்டருக்கான விலை குறையும். தோக்கியோவிலிருந்து இசுமோஷி வரை ஒரே ஜோஷாகென்னாக எடுத்தால் 12,210 யென். அதையே தோக்கியோ முதல் ஒகயாமா வரை 10,670 யென், ஒகயாமா முதல் இசுமோஷி வரை 4,070 யென் என்று இரண்டாக வெட்டி எடுத்தால் 14,740 யென். ஒரு வழிக்கே 2,530 யென் கூடுதல். போய்வந்தால் 5,000 யென்னைத் தாண்டும். ஷின்கான்செனுக்கான கைபேசிச் செயலிகளில் முன்பதிவு செய்யும்போது இந்த இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது, ஏனென்றால் அவை ஷின்கான்சென் பகுதிக்கான கட்டணத்தையும் இருக்கையையும் சேர்த்தே விற்கின்றன. அதற்கு மேல் போகும் பாதையின் கட்டணம் புதிதாக முதல் கிலோமீட்டரிலிருந்து தொடங்கும். செயலி வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஷின்கான்செனைவிட்டு இறங்கி இருநூறு கிலோமீட்டர் உள்ளே போகிற பயணத்துக்கு, பெரிய நிலையக் கவுண்டரில் கடைசி ஊர் வரை ஒரே ஜோஷாகென், அதோடு ஷின்கான்செனுக்கும் யகுமோவுக்கும் தனித்தனித் தொக்யூகென் என்று கேட்டு வாங்குவதே சரி.

பாஸ் எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. நாடு முழுவதற்குமான ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ், 7 நாள் சாதாரண வகுப்பு, 2023 அக்டோபர் 1 அன்று 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறியது. தோக்கியோவிலிருந்து ஒகயாமாவுக்கு ஒரு வழி 17,000 யென்னுக்கு மேல், அங்கிருந்து இசுமோவுக்கு 7,000. தனித்தனியாக எடுத்தாலும் போக வர மொத்தம் 50,000க்குச் சற்றுக் குறைவாகவே வரும். ஆக, இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் பாஸ் எடுப்பது லாபமில்லை. இடையில் ஹிரோஷிமாவோ வேறு ஊரோ சேர்ந்தால்தான் கணக்குத் தேறும். மேற்கு ஜப்பானுக்குள் மட்டும் சுற்றுகிறவர்களுக்கு சான்யோ-சான்இன் போன்ற வட்டாரப் பாஸ்கள் பெரும்பாலும் பொருத்தம். பாஸ் கையில் இருந்தாலும் யகுமோவுக்கு இருக்கை எண் பதிய வேண்டும். அது இலவசம், ஆனால் பதியாமல் ஏறினால் உங்களுக்கென்று இடம் கிடையாது. புறப்படும் நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும். ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடு, ஆண்டு இறுதி ஆகிய மூன்று காலங்களில் இதைத் தள்ளிப்போட வேண்டாம். இசுமோவுக்கு இன்னொரு நெரிசல் காலமும் உண்டு. பழைய சந்திரக் கணக்கின் பத்தாம் மாதத்தில், பெரும்பாலும் நவம்பர் வாக்கில், நாட்டின் எல்லாத் தெய்வங்களும் இசுமோ பெருங்கோயிலில் கூடுவதாக நம்பிக்கை. அப்போது ரயிலும் தங்குமிடமும் சேர்ந்தே நிரம்பும்.

இணையத்தில் வாங்கிய டிக்கெட்டைத் தாளாக எடுப்பது இன்னொரு சிக்கல். முன்பதிவு உறுதியாகிவிட்டது, மின்னஞ்சல் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. ஜே.ஆர். மேற்கு ஜப்பான் நிறுவனத்தின் இணையதளத்தில் வாங்கிய சீட்டை எல்லா வட்டார இயந்திரங்களிலும் எடுக்க முடியாது. சின்ன நிலையத்தில் இயந்திரமே இருக்காது. பணம் கட்டிய அதே கடனட்டையும் கையில் இருக்க வேண்டும். கியோத்தோ, ஒசாகா, ஒகயாமா போன்ற பெரிய நிலையத்தில் கால் வைத்த உடனே திரும்பும் பயணம் உட்பட எல்லாச் சீட்டையும் தாளாக எடுத்துவிடுங்கள். பச்சைப் பலகை போட்ட முன்பதிவுக் கவுண்டர்கள் ஆண்டுக்காண்டு மூடப்பட்டு வருகின்றன. கிழக்கு ஜப்பானில் மீதிக் கவுண்டர்களில் நெரிசல் தாங்காமல் 2024 மே மாதம் அந்த மூடும் திட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். கவுண்டருக்குப் பதிலாக வைத்திருக்கும் இயந்திரங்களில் சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் தொலைவில் உள்ள பணியாளர் குரலில் பேசி டிக்கெட் போட்டுத் தருவார். நல்ல ஏற்பாடுதான், ஆனால் வரிசையில் காத்திருக்கும் நேரம் உங்கள் கையில் இல்லை. ரயில் புறப்பட 10 நிமிடம் இருக்கும்போது அந்தப் பொத்தானை நம்பாதீர்கள்.

ஒரு விதியை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்: முன்பதிவு செய்த ரயில் புறப்படுவதற்கு முன்பாக இருந்தால், ஒரு முறை வேறு ரயிலுக்குக் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள். ரயில் போன பிறகு அந்த உரிமை போய்விடும். ஷின்கான்சென் தாமதமாகும் என்று தெரிந்த கணமே, அல்லது கோயிலில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று தோன்றிய கணமே, மாற்றிவிட வேண்டும். ரத்து செய்வதாக இருந்தாலும் முந்தின நாளோ அன்றைக்கோ போனால் தொக்யூகென் கட்டணத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள். ஆகவே ரத்து செய்வதைவிட மாற்றுவதுதான் பெரும்பாலும் மலிவு.

ஒகயாமாவில் ஷின்கான்செனிலிருந்து யகுமோவுக்கு மாறும்போது நிலையத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. நடுவில் மாற்று வாயில் இருக்கிறது. அதில் ஜோஷாகென், ஷின்கான்சென் தொக்யூகென், யகுமோ தொக்யூகென் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி ஒரே நேரத்தில் இயந்திரத்துக்குள் செலுத்த வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டால் கதவு மூடிக்கொண்டு மணி அடிக்கும், பின்னால் வரிசை சேர்ந்துவிடும், பதற்றம் தொற்றிக்கொள்ளும். முடிந்துபோன ஷின்கான்சென் சீட்டை இயந்திரம் விழுங்கிக்கொள்ளும், மற்றவை வெளியே வரும். எத்தனை சீட்டு வெளியே வந்தது என்று எண்ணிப் பார்த்து எடுங்கள். அங்கே மறந்துவிட்டுப் போன ஜோஷாகென்னுக்கு மறுபடி முழுப் பணம் கட்ட வேண்டிவரும். அட்டவணையில் பத்து நிமிடம் போதும் என்று காட்டினாலும், முதன்முறை போகிறவர், கையில் பெட்டி வைத்திருப்பவர், 25 நிமிடமாவது வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் சாப்பாட்டை வாங்குங்கள், ஏனென்றால் யகுமோவுக்குள் சாப்பாடு விற்பதில்லை. ஒகயாமாவில் பீச் பழ வடிவப் பெட்டியில் வரும் சுஷி பெயர்பெற்றது; யொனாகோவில் கோசாயெமோன் கானாங்கெளுத்தி சுஷி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நிலையப் பெட்டிச் சாப்பாடு பெரும்பாலும் ஒத்துவராது. காய்கறி மட்டும் தெரிகிற பெட்டியிலும் மீன் வடிநீர் சேர்ந்திருக்கும். ரொட்டி, பழம், வறுத்த கடலை என்று கையோடு கொண்டுபோவது நல்லது.

ரயில் எண்ணில் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. ஒகயாமாவிலிருந்து இசுமோ போகிறவை ஒற்றைப்படை, யகுமோ 1, 3, 5 என்று. திரும்பி வருபவை இரட்டைப்படை. யொனாகோ, மத்சுயே போன்ற இடைநிலையத்தில் எந்தத் திசை என்று குழம்பினால் இதைப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் லிமிடெட் எக்ஸ்பிரஸ் வழக்கமாகச் சிவப்பு எழுத்தில் இருக்கும். நடைமேடையின் தரையிலோ மேலே தொங்கும் பலகையிலோ பெட்டி எண் நிற்கும் இடம் குறித்திருக்கும். யகுமோ வழக்கமாக 4 பெட்டிகள்தான், நீண்ட நடைமேடையின் ஒரு பகுதியில் மட்டுமே நிற்கும். தப்பான முனையில் காத்திருந்தால் கடைசியில் ஓட வேண்டும். சில தடங்களில் இதைவிடக் கவனம் வேண்டும், ஏனென்றால் இரண்டு ரயில்கள் ஒட்டிக்கொண்டு வந்து நடுவழியில் பிரியும். ஷிகொக்குத் தீவில் ஒகயாமாவிலிருந்து வரும் ஷியோகாசெயும் தகாமத்சுவிலிருந்து வரும் இஷிசுச்சியும் உதாசு பக்கம் இணைந்தும் பிரிந்தும் போகும்; கியோத்தோவிலிருந்து வரும் கினோசாகியும் மைசுருவும் அயாபெயில் பிரியும். அங்கெல்லாம் சரியான ரயிலில் ஏறினால் மட்டும் போதாது, சரியான பெட்டியில் ஏற வேண்டும்.

இப்போது ஓடும் யகுமோ 273 வகை, 2024 ஏப்ரல் 6 அன்று வந்தது. அதற்கு முன் 1982 முதல் ஓடிய 381 வகை, வளைவுகளில் பெட்டி தானாகச் சாயும் அமைப்புக் கொண்டது. வளைவுக்குள் நுழைந்த பிறகே மைய விலக்கு விசையால் சாயும் என்பதால் அந்தச் சாய்வு ஒரு கணம் தாமதமாக, சட்டென்று வரும், பலருக்குக் குமட்டல். புதியதில் பாதையின் வளைவுகள் முன்கூட்டியே பதிவாகியிருக்கின்றன. ரயில் தான் ஓடும் இடத்தை அறிந்து, வளைவுக்கு ஏற்றபடி இயல்பாகச் சாய்கிறது. பழைய பயம் பெரிதும் போய்விட்டது. ஆனாலும் தகாஹாஷி ஆற்றோரம் பாதை ஓயாமல் வளைவதால், வயிறு ஒத்துழைக்காதவர்கள் கைபேசியைப் படித்துக்கொண்டு போக வேண்டாம்; மாத்திரையை ஒகயாமாவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். இசுமோ நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னலைக் கேளுங்கள். டைசென் மலையும், மத்சுயேயைத் தாண்டியதும் ஷின்ஜி ஏரியும் அந்தப் பக்கம்தான். மாலை வேளையில் அந்த ஏரியோரம் போகும் பத்து இருபது நிமிடங்களுக்காகவே இந்த ரயிலில் போகலாம் என்று தோன்றும்.

வழியில் இறங்குவது பற்றிய விதியில்தான் அதிகம் பேர் பணம் விடுகிறார்கள். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஜோஷாகென் வைத்திருந்தால், பெருநகரச் சுற்றுவட்டப் பகுதிகள் தவிர்த்து, வழியில் எந்த நிலையத்திலும் வெளியே போய்விட்டு மீண்டும் அதே திசையில் தொடரலாம். 200 கிலோமீட்டர் வரை 2 நாள், 400 வரை 3 நாள் என்று அது செல்லும். ஒகயாமா-இசுமோஷி டிக்கெட் 3 நாளுக்குச் செல்லும். தோக்கியோ-இசுமோஷி 6 நாளுக்கு. ஆனால் தொக்யூகென்னுக்கு இந்தச் சலுகை இல்லை. இசுமோஷி வரை எடுத்த தொக்யூகென்னோடு மத்சுயேயில் இறங்கி வெளியே போனால் மீதித் தூரத்துக்கான அதன் மதிப்பு அங்கேயே முடிந்தது. மறுநாள் யகுமோவில் ஏற வேண்டுமானால் புதிதாக வாங்க வேண்டும். மத்சுயே கோட்டையைப் பார்க்க ஒரு நாள் தங்க நினைப்பவர் செய்ய வேண்டியது: ஜோஷாகென்னை இசுமோஷி வரையும், தொக்யூகென்னை மத்சுயே வரை மட்டும் எடுப்பது. மறுநாள் மத்சுயேயிலிருந்து இசுமோஷிக்கு 33 கிலோமீட்டர். சாதாரண ரயில் முக்கால் மணி நேரம் வாக்கில் போய்விடும், கையில் இருக்கும் ஜோஷாகென்னே போதும், கூடுதலாக ஒரு யென்னும் தேவையில்லை. வெளியே போகும்போது இயந்திரக் கதவு சீட்டை விழுங்கிவிடுமோ என்று தயங்கினால் ஆள் இருக்கும் வாயிலில் காட்டி, வழியில் இறங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனியாக இருப்பவரை உடைப்பது அதுதான். யகுமோ மலைகளைக் கடக்கும் ஹகுபி பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் மலைச் சரிவிலும் போகிறது. பெரும்பகுதி ஒற்றை வழி. எதிரெதிர் ரயில்கள் குறிப்பிட்ட நிலையங்களில்தான் விலக முடியும். ஒரு ரயில் பத்து நிமிடம் தாமதித்தால் எதிரே வருவதும் காத்திருக்கும், அதன் பின்னால் வருவதும் காத்திருக்கும். மழை அளவு வரம்பைத் தாண்டினால் மண்சரிவு அச்சத்தில் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். மழை விட்ட பிறகும் பாதையைப் பரிசோதித்துவிட்டே திறப்பார்கள் என்பதால் வெயில் அடிக்கும்போதும் ரயில் ஓடாது. 2018 ஜூலைப் பெருமழையில் இந்தப் பாதை வாரக்கணக்கில் முடங்கியது. ஜூன், ஜூலை மழைக்காலத்திலும் செப்டம்பர் புயல் காலத்திலும் போகிறவர்கள், விமானம் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவே ஒகயாமாவுக்கோ ஒசாகாவுக்கோ திரும்பிவிடுவது பாதுகாப்பு. நடுவழியில் நின்றுபோனால் செய்ய வேண்டியது இது: எந்தச் சீட்டையும் தூக்கிப்போடாதீர்கள். லிமிடெட் எக்ஸ்பிரஸ் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தொக்யூகென் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும், ஜோஷாகென்னுக்குக் கிடையாது. ரயில் ரத்தானால் பிடித்தமின்றி முழுப் பணமும் தருவார்கள். மேற்கொண்டு போக முடியாமல் நடுவழியில் பயணத்தைக் கைவிட்டால், புறப்பட்ட நிலையத்துக்கே கட்டணமின்றித் திரும்பி வந்து பணத்தையும் பெறலாம். இறங்கும் நிலையத்தில் சீட்டில் முத்திரை போட்டுத் தருவார்கள், அதுதான் ஆதாரம். பாதை மூடி, சாலை திறந்திருந்தால் ஒகயாமாவிலிருந்து மத்சுயே வழியாக இசுமோ போகும் நெடுஞ்சாலைப் பேருந்து ஒன்று உண்டு. கூட்டம் அங்கே திரும்புவதற்கு முன் இருக்கை பாருங்கள்.

யகுமோ நிற்காத சின்ன நிலையங்களுக்குச் சாதாரண ரயிலில்தான் போக வேண்டும். அவற்றில் பல ஒரே ஆள் ஓட்டும் ஒன்றிரண்டு பெட்டி ரயில்கள், ஓட்டுநரே நடத்துநர். ஆளில்லா நிலையத்தில் பின்கதவு வழியாக ஏற வேண்டும்; கதவு தானாகத் திறக்காது, பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். ஏறிய உடனே சிறு பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டை இழுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் பலகையில் உங்கள் எண்ணுக்கு நேரே கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். இறங்குவது முதல் பெட்டியின் முன்கதவில் மட்டும். இரண்டாம் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் முந்தின நிலையம் தாண்டியதுமே முன்னால் போய்விட வேண்டும், இல்லையென்றால் கதவு திறக்காமல் உங்கள் ஊர் போய்விடும், அங்கிருந்து திரும்ப அடுத்த ரயில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. கட்டணப் பெட்டியில் சரியான தொகையைத்தான் போட வேண்டும். பக்கத்தில் இருக்கும் சில்லறை இயந்திரம் நாணயத்தையும் 1,000 யென் தாளையும் மட்டுமே உடைக்கும். 10,000 யென் தாளோடு அங்கே நிற்பவருக்காக மொத்த ரயிலும் காத்திருக்கும். பெருநகரத்தைவிட்டு வரும்போது பையில் 1,000 யென் தாள் ஐந்தாறும் 100 யென் நாணயங்களும் இருக்கட்டும்.

தொட்டுவிட்டுப் போகும் ஐ.சி. அட்டை இங்கே கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். சுயிகாவோ இகோகாவோ பெரிய நிலையத்தின் வாயிலைத் திறந்துவிடும்; போய் இறங்கும் ஊரில் அட்டையைத் தொடும் கருவி இருக்காது. அப்போது முழுக் கட்டணத்தையும் ரொக்கமாகக் கட்டிவிட்டு ஒரு சான்றுத் தாள் வாங்கிக்கொள்ள வேண்டும். அட்டையில் நுழைந்த பதிவு அழியாமல் கிடப்பதால், அதைப் பெரிய நிலையத்தில் காட்டி நீக்கும்வரை அட்டை வேறெங்கும் வேலை செய்யாது. மலைப்பக்கம் போகும் நாளில் அட்டையை உள்ளே வைத்துவிட்டுத் தாள் டிக்கெட் வாங்குவதே நிம்மதி.

இசுமோஷி நிலையத்தில் இறங்கினால் பெருங்கோயில் அங்கே இல்லை. கோயில் வாசல் வரை போன ஜே.ஆர். கிளைப் பாதை 1990இல் மூடப்பட்டது. 1924இல் கோயில் பாணியில் மரத்தால் கட்டிய அதன் பழைய நிலையக் கட்டடம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இப்போது போக, ஜே.ஆர். நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் தென்தெத்சு-இசுமோஷி நிலையத்தில் இச்சிபாத்தா தனியார் ரயிலைப் பிடித்து, கவாதோவில் மாறி, இசுமோ தாய்ஷா-மயேயில் இறங்க வேண்டும், அல்லது நிலையத்திலிருந்து பேருந்து. ஜே.ஆர். பாஸ் இச்சிபாத்தாவில் செல்லாது. பெரிய பெட்டியை இசுமோஷி நிலையப் பாதுகாப்புப் பெட்டகத்தில் காலையிலேயே வைத்துவிடுங்கள். பெரிய அளவுப் பெட்டகங்கள் குறைவு, முற்பகலிலேயே நிரம்பிவிடும்.

இசுமோவைத் தாண்டி மேற்கே போக நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வரைபடத்தில் கடற்கரையோரம் சான்இன் பாதை ஒரே கோடாகத் தெரியும். கியோத்தோவிலிருந்து ஷிமோனோசெகி அருகே வரை 673.8 கிலோமீட்டர். அந்தக் கோடு முழுவதும் ஒரே மாதிரி ரயில் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. மசுதா வரை சூப்பர் மத்சுகாசெ, சூப்பர் ஒகி என்ற லிமிடெட் எக்ஸ்பிரஸ்கள் வரும். சூப்பர் ஒகி நாளைக்கு 3 சுற்று மட்டும், அதுவும் பெரும்பாலும் இரண்டே டீசல் பெட்டி. மசுதாவில் அது கடற்கரையைவிட்டு விலகி, சுவானோ வழியாக மலைக்குள் திரும்பி ஷின்-யமாகுச்சியில் ஷின்கான்செனைத் தொடும். கடற்கரையில் மேலே போகும் ஹாகி, நகாதோ பகுதியில் 2005 மார்ச்சுக்குப் பிறகு லிமிடெட் எக்ஸ்பிரஸே இல்லை. சாதாரண ரயிலும் பல மணி நேரத்துக்கு ஒன்று. நகாதோவுக்கு அப்பால் 2023 கோடைப் பெருமழையில் பாதையே சேதமடைந்து நின்றது. ஹாகி நகரம் அழகானது, விட்டுவிட மனம் வராது. போவதென்றால் ஷின்-யமாகுச்சிக்கு ஷின்கான்செனில் வந்து அங்கிருந்து பேருந்தில் போவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது என் உறுதியான கருத்து.

திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். இசுமோஷியிலிருந்து ஒகயாமாவுக்குக் கடைசி யகுமோ மாலையிலேயே புறப்பட்டுவிடும். மாலை 7 மணி வாக்கில் சன்ரைஸ் இசுமோ என்ற இரவு ரயில் தோக்கியோவுக்குப் புறப்படும், மறுநாள் காலை 7 மணி சுமாருக்குப் போய்ச் சேரும். அதில் நொபினொபி என்ற, விரித்துப் படுக்கக்கூடிய தரை இருக்கைக்குப் படுக்கைக் கட்டணம் இல்லை, ஜே.ஆர். பாஸும் செல்லும், தனி அறைகளுக்கு, பாஸ் இருந்தாலும் தொக்யூகென்னும் படுக்கைக் கட்டணமும் கட்ட வேண்டும். ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் திறந்த உடனேயே நொபினொபி தீர்ந்துவிடுவது வழக்கம். கிடைத்தால் இரவு உணவையும் தண்ணீரையும் இசுமோஷியில் வாங்கிக்கொண்டே ஏறுங்கள். நொபினொபியில் மெல்லிய போர்வை ஒன்றுதான் தருவார்கள். தரை கொஞ்சம் கடினம், குளிர்காலத்தில் ஒரு ஸ்வெட்டரை மேலாகவே வைத்துக்கொள்ளுங்கள். குளிக்க அட்டை வாங்கும் இயந்திரம் ரயிலுக்குள் இருக்கிறது, அட்டைகள் குறைவு. இசுமோஷியில் ஏறுகிறவர்களுக்கு அது முதலில் கிடைக்கும் என்பதால், குளிக்க விரும்பினால் பெட்டியை வைத்த கையோடு அங்கே போய்விடுங்கள்.